பின்னுகிறவர்களின் பொது ஏடு

காலுறையை விரல் நுனியிலிருந்து பின்னத் தொடங்குவதில் ஒரு வசதி உண்டு. கணுக்காலுக்கு மேலே தொடங்கிக் கீழே இறங்கினால் நூல் போதுமா, போதாதா என்பது கடைசி வரை தெரியாது. விரலிலிருந்து மேலே ஏறினால் நூல் தீரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் விரல் நுனியில் மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் ஒரே சமயத்தில் கண்ணிகள் வேண்டும். வேறொரு நூலில் தற்காலிகமாகக் கண்ணி ஏற்றி, பின்னர் அதைப் பிரித்து, விடுபடும் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்தெடுப்பது அதற்கு வழக்கத்தில் இருந்த வழிகளில் ஒன்று. பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. 2006 வசந்த காலத்தில் 'நிட்டி' என்ற இணைய இதழில் ஜூடி பெக்கர் என்பவர் வேறொரு முறையை எழுதினார். இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் பிடித்து, நூலின் இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றி அவற்றின் மேல் சுற்றிக்கொண்டே போனால் இருபுறக் கண்ணிகளும் ஒன்றாக ஏறிவிடும். தையலும் தெரியாது, துளையும் விழாது. 2009இல் அதே இதழில் ஜெனி ஸ்டைமன் எதிர்முனைக்கு ஒரு வழி சொன்னார். கடைசி வரிசையை முடிக்கும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைக் கூடுதலாக ஒரு சுற்றுப் போட்டால், காலுறையின் வாய் இறுகாமல் இழுத்த இழுப்புக்கு வரும். இன்று உலகில் எங்கே காலுறை பின்னினாலும் இந்த இரண்டு முறைகளையும் ஜூடியின் பெயராலும் ஜெனியின் பெயராலும்தான் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் முன்னும் நூற்றுக்கணக்கில் நடந்திருக்கும். அவை நடந்த வீட்டோடும் ஊரோடும் முடிந்துபோயின. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) கடந்த நூற்றாண்டின் பின்னல் ஆசான்களில் முதன்மையானவர். தாம் கண்ட எந்த உத்தியையும் தம்முடையது என்று உரிமை கொண்டாட அவர் தயங்கினார். எங்கோ எவரோ இதை முன்பே செய்திருப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்த 'எவரோ' யார் என்று தெரியாமல் போனதுதான் இந்தக் கலையின் நீண்ட வரலாறு. ஜூடிக்கும் ஜெனிக்கும் பெயர் நிலைத்ததற்கு அவர்களுடைய திறமை மட்டுமே காரணமில்லை. எழுதிவைக்க ஓர் இடமும், செய்து பார்த்துச் சரி சொல்லப் பல்லாயிரம் கைகளும் இருந்தன.

இணையத்தில் கூடும் பின்னல்காரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பக்கத்தில் நான்கு பத்தி எழுதி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. அறிவைச் சேர்ப்பது, சோதிப்பது, திருத்துவது, உரியவர் பெயரைப் போட்டு வைப்பது என்று ஒரு நூலகமும் ஓர் ஆய்வுக்கூடமும் செய்யும் வேலையை இந்தக் குழுக்கள் செய்கின்றன. அந்த வேலை எப்படி நடக்கிறது, யாருடைய உழைப்பில் நடக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

பின்னல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திருப்பூர். அது எந்திரப் பின்னல். இங்கே பேச்சு இரண்டு ஊசி கொண்டு கையால் பின்னுவதையும், ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷாவையும், அவற்றோடு சேர்ந்த நூற்பு, நெசவு, சாயம், லேஸ் ஆகியவற்றையும் பற்றியது. ஊசிப் பின்னலை எந்திரம் நன்றாகவே செய்யும். குரோஷாவை அப்படியே போடும் தொழிற்சாலை எந்திரம் இல்லை. ஆகவே கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷா மேல்சட்டை யாரோ ஒருவருடைய கைவேலைதான். அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற கேள்வியை இந்தக் குழுக்கள் விடாமல் எழுப்பி வருகின்றன.

1990களிலேயே யூஸ்நெட் குழுக்களிலும் மின்னஞ்சல் பட்டியல்களிலும் பின்னல்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். டொராண்டோவிலிருந்து ஏமி சிங்கர் 2002இல் 'நிட்டி'யைத் தொடங்கினார். வலைப்பதிவுகள் பெருகின. ஆனால் செய்தி எல்லாம் சிதறிக் கிடந்தது. ஒரு சட்டை முறையை வாங்கி, நூலும் வாங்கி, பாதி பின்னிய பிறகுதான் கை இணைப்பில் கணக்கு தப்பு என்று தெரியவரும். முன்பே பின்னிய ஒருவர் அதை எங்கோ எழுதியிருப்பார், அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

இந்தக் குறையிலிருந்து 2007இல் 'ராவல்ரி' பிறந்தது. தொடங்கியவர்கள் பாஸ்டனில் வாழ்ந்த தம்பதி, ஜெஸிக்கா ஃபோர்ப்ஸும் கேஸிடி ஃபோர்ப்ஸும். ஜெஸிக்கா பின்னுகிறவர், கேஸிடி நிரல் எழுதுகிறவர். 2020 வாக்கில் உறுப்பினர்கள் சுமார் 90 லட்சம். அதை நடத்தியவர்களோ ஓர் அறைக்குள் அடங்கிவிடக்கூடிய சிலர். ராவல்ரியின் பலம் அரட்டையில் இல்லை, அதன் பதிவுமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பின்னல் முறைக்கும் ஒரு பக்கம்: வடிவமைத்தவர் பெயர், நூலின் தடிமன், எத்தனை கெஜம் தேவை, ஊசியின் அளவு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி. அதைப் பின்னிய ஒவ்வொருவரும் தம் பக்கத்தை அதோடு இணைக்கிறார். எந்த நூலைப் போட்டார், எங்கே மாற்றினார், கழுவிய பிறகு எவ்வளவு தொய்ந்தது, திரும்பவும் பின்னுவாரா என்பதெல்லாம் அங்கே இருக்கும். கைவசம் 400 கெஜம் மெல்லிய நூல் இருக்கிறது, குழந்தைக்கு என்ன பின்னலாம் என்று தேடினால் விடை வரும். முறையில் பிழை இருந்தால் பத்துப் பேர் அதே வரிசையில் தடுக்கி விழுந்தது கண்ணெதிரே தெரியும். வடிவமைத்தவர் திருத்திய பதிப்பை வெளியிட்டதும் வாங்கிய எல்லாருக்கும் அது போய்ச் சேரும். அச்சுப் புத்தகக் காலத்தில் இது கனவில்கூட நடக்காது.

தோற்றுப்போன முயற்சியையும் படத்தோடு பதிவது இங்கே வழக்கம். வேறு துறைகளில் தோல்வியை மறைப்பார்கள். இங்கே தொளதொளவென்று முழங்கால் வரை இறங்கிய சட்டையின் படத்தைப் போட்டு, "பருத்தி நூலில் இதைப் பின்னாதீர்கள், எடை தாங்காமல் இழுத்துக்கொண்டே போகிறது" என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதுகிறார்கள். அந்த ஒரு குறிப்பு அடுத்து வருபவரின் இரண்டு மாத உழைப்பைக் காப்பாற்றும்.

பணம் இந்த உலகில் சிறு சிறு துளியாகத்தான் ஓடுகிறது. வடிவமைப்பாளர் முறையை மின்கோப்பாக விற்கிறார், விலை பெரும்பாலும் 10 டாலருக்குள். பத்திரிகை ஆசிரியரின் தயவு வேண்டியதில்லை. சிற்றூரில் இருந்துகொண்டே உலகத்துக்கு விற்கலாம். இதில் பல பெண்கள் குடும்பம் நடத்தும் அளவுக்கு வளர்ந்திருக்கிறார்கள், அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் விற்பனைக்கு முன் ஒவ்வொரு அளவையும் ஒருவர் பின்னிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைப் பின்னல்காரர்களில் பெரும்பாலோருக்குக் கூலி கிடையாது. நூலையும் அவர்களே வாங்கி, வாரக்கணக்கில் பின்னி, பிழை கண்டு சொல்லி, முடிவில் அந்த முறையின் இலவசப் பிரதியைப் பெற்றுக்கொள்கிறார்கள். விருப்பத்தோடுதானே செய்கிறார்கள் என்பது பலரும் சொல்லும் சமாதானம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்கு விலை வைக்காமல் விட்ட பழைய வழக்கம், பெண்களே நடத்தும் சந்தைக்குள்ளும் நுழைந்துவிட்டது. நூலின் விலையாவது கொடுக்கப்பட வேண்டும். இந்தக் கோரிக்கையை அங்கேயே பலர் எழுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். பருத்த உடல் கொண்டவர்கள் தங்கள் அளவுக்கு முறை இல்லை என்று கூடிப் பேசி, மார்பளவு 60 அங்குலம் வரை கணக்கு எழுத வடிவமைப்பாளர்களை இணங்க வைத்ததும் இதே இடத்தில்தான். கேட்டால் நடக்கிறது.

இக்குழுக்களின் கொடைகள் பல. டொராண்டோ எழுத்தாளர் ஸ்டெஃபனி பேர்ல்-மெக்ஃபீ, 2004 டிசம்பரில் நம் கடற்கரைகளைச் சுனாமி அழித்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு நிதி தரும்படி தம் வாசகர்களைக் கேட்டார். அந்தத் திரட்டு ஆண்டுகள் தாண்டித் தொடர்ந்து 10 லட்சம் டாலரைக் கடந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்கப் பெண்கள் பேரணியில் இளஞ்சிவப்புக் குல்லாய்கள் கடலாகத் தெரிந்ததற்கும் பின்னல்காரர்கள்தான் காரணம். ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது வேறொன்று.

டொராண்டோவைச் சேர்ந்த பெரில் சாங் மார்பகப் புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர். கடையில் கிடைத்த சிலிக்கான் மாற்று மார்பகம் கனத்தது, வியர்த்தது, விலையும் கூடுதல். தமக்கெனப் பின்னிக்கொண்டதன் முறையை அவர் 2005இல் 'நிட்டி'யில் வெளியிட்டார். 2011இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் நகரில் பார்பரா டெமரெஸ்ட்டுக்கு அதே அறுவை சிகிச்சை நடந்தது. பின்னிய மார்பகம் ஒன்று இருக்கிறது என்று மருத்துவர் வழியாக அறிந்து, தோழியிடம் பின்னச் சொல்லி அணிந்து பார்த்தார். பிறகு அதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். தன்னார்வலர்கள் பின்னுகிறார்கள், கேட்கும் பெண்ணுக்கு இலவசமாகப் போகிறது. அறுவைத் தழும்பின் மேல் உரசாத நூல் எது, எத்தனை முறை துவைத்தாலும் உருமாறாத நிரப்புப் பஞ்சு எது என்பதைப் பல கைகள் சோதித்துப் பட்டியலாக்கின. மும்பையிலிருந்து இயங்கும் சாய்ஷா இந்தியா அறக்கட்டளை இந்த வேலையை இந்தியாவில் செய்கிறது. நம் வெயிலில் சிலிக்கானை மார்பில் கட்டிக்கொண்டு நடப்பது எப்படிப்பட்ட வேதனை என்பதை நினைத்தால் பருத்தி நூலின் அருமை புரியும். இதில் எந்த மருந்து நிறுவனமும் இல்லை, காப்புரிமையும் இல்லை.

அன்பு அளவு மீறிய இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் கடலில் எண்ணெய் கசிந்தால் சிறு பென்குவின்களுக்குக் கம்பளிச் சட்டை போடுவார்கள். கழுவும் வரை அவை எண்ணெய் படிந்த இறகைக் கோதி விழுங்காமல் இருக்கவும் குளிர் தாங்கவும் அது உதவும். சட்டை வேண்டும் என்ற செய்தி உலகெங்கும் திரும்பத் திரும்பச் சுற்றியதில் தேவைக்கு மேல் வந்து குவிந்தன. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குவின்களுக்குப் போட்டு விற்று நிதி திரட்ட வேண்டியதாயிற்று. 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போதும் இதே கதைதான். கங்காருக் குட்டிக்குப் பையும் வௌவாலுக்குப் போர்வையும் கேட்ட ஃபேஸ்புக் குழுவுக்கு மலைபோல் பொதிகள் வந்ததில், போதும் என்று அறிவிக்க நேர்ந்தது. கைகள் வேகமாக இருக்கின்றன, தேவை எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் ஆள் மறுமுனையில் இல்லை. புற்றுநோயாளிகளுக்கான பின்னலில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு பெண் தம் அளவைச் சொல்லிக் கேட்கிறார், அவருக்கு ஒன்று போகிறது. அதனால்தான் அது நிலைத்தது.

சண்டைகளைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நேர்மையாகாது. 2019 ஜனவரியில் அமெரிக்கப் பின்னல் எழுத்தாளர் ஒருவர், தாம் இந்தியாவுக்கு வரப்போவதை வேற்றுக் கிரகத்துக்குப் பயணம் போவதுபோல் வியந்து எழுதினார். இந்திய வம்சாவளிப் பெண்களும் பிற நிறத்தவரும் எதிர்வினை செய்தார்கள். நாங்கள் வாழும் நாடு உங்களுக்கு வேற்றுலகமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் திறந்த கதவு மூடவில்லை. நூல் கடையில் நுழைந்தால் திருட வந்தவரைப்போல் பின்தொடர்கிறார்கள், இதழ்களின் அட்டையில் எங்கள் முகம் வருவதில்லை என்று ஏராளமானோர் இன்ஸ்டாகிராமில் எழுதினார்கள். கம்பளி நூல் மென்மையான பொருள், அதைக் கையாளுவோர் எல்லாரும் மென்மையானவர்கள் என்ற நம்பிக்கை அந்த மாதத்தில் உடைந்தது. உடைந்தது நல்லதுதான். அதே ஆண்டு ஜூனில் ராவல்ரி, டொனால்ட் டிரம்பையும் அவர் ஆட்சியையும் ஆதரிக்கும் பதிவுகளையும் பின்னல்களையும் தடை செய்தது. ஆதரவும் எதிர்ப்புமாகப் பலர் வெளியேறினார்கள், பலர் வந்து சேர்ந்தார்கள்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது 2020 ஜூனில் நடந்தது. ராவல்ரி தன் தோற்றத்தை மாற்றியது. புதிய பக்கங்களைப் பார்த்தால் ஒற்றைத் தலைவலி வருகிறது, கண் கூசுகிறது, சிலருக்கு வலிப்பே வருகிறது என்று உறுப்பினர்கள் முறையிட்டார்கள். பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வழி சில மாதங்களே இருந்தது. நோயாலும் உடற்குறையாலும் வீட்டோடு இருப்பவர்களுக்கு வெளியுலகத்தின் வாசலாக இருந்த இடம், அவர்களில் ஒரு பகுதியினர் நுழைய முடியாததாக ஆயிற்று. லட்சக்கணக்கானோர் எழுதிச் சேர்த்த ஏடு ஒரு சிறு தனியார் நிறுவனத்தின் சொத்தாக இருப்பதில் உள்ள ஆபத்து அன்று தெரிந்தது. ராவல்ரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யாஹூ குழுக்கள் 2019 இறுதிக்கும் 2020 டிசம்பருக்கும் இடையே படிப்படியாக மூடப்பட்டபோது இருபதாண்டு உரையாடல்களும், அவற்றுக்குள் கிடந்த முறைகளும் திருத்தங்களும் போயின. யாரோ சிலர் அவசரமாகச் சேமித்து வைத்தவைதான் மிச்சம்.

பின்னல் மனத்துக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. ரைலி, கோர்க்ஹில், மாரிஸ் ஆகிய மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு 3,545 பின்னல்காரர்களிடம் இணையம் வழியாகக் கேட்டது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகச் சொன்னார்கள். குழுவாகப் பின்னுவதிலும் தனி நன்மை தெரிந்தது. ஆனால் விடை சொன்னவர்கள் எல்லாரும் பின்னலை விரும்பித் தொடர்பவர்கள். பிடிக்காமல் ஊசியைக் கீழே வைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. இதை வைத்துப் பின்னல் மருந்து என்று விளம்பரம் செய்வது முறையாகாது.

எந்திர எழுத்து இந்த ஏட்டுக்கு வந்திருக்கும் புதிய சோதனை. 2018இல் ஆய்வாளர் ஜானெல் ஷேன் ராவல்ரி உறுப்பினர்களின் உதவியோடு ஒரு நரம்பியல் வலைப்பின்னலுக்குப் பின்னல் முறைகளைப் பயிற்றுவித்தார். அது எழுதிய குழப்பமான வரிகளை உறுப்பினர்கள் ஆர்வத்தோடு பின்னிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அது எந்திரம் எழுதியது என்று தெரியும். இப்போது நிலைமை வேறு. செயற்கை அறிவு வரைந்த குரோஷா பொம்மையின் படத்தைக் காட்டி, செய்யவே முடியாத முறையைச் சந்தைத் தளங்களில் விற்கிறார்கள். ஏமாறுகிறவர் புதிதாகக் கற்பவர். கண்டுபிடிக்கிறவர்களோ பழகியவர்கள். அந்தப் படத்தில் கண்ணி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்தால் எந்த ஊசியாலும் போட முடியாத முடிச்சு அது என்று தெரிந்துவிடும். இந்த எச்சரிக்கைகளையும் குழுக்களே எழுதிப் பரப்புகின்றன.

இனி நம் பக்கம். 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சிறுமிகள் அந்த வருமானத்தில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதை மிஷன் பதிவுகள் சொல்கின்றன. 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜிய நாட்டு மரி லூயிஸ் டி மீஸ்டரின் கன்னியர் சபையும் இந்தக் கைத்தொழிலை வளர்த்தது. இரு நூற்றாண்டுகளாகக் குமரி மாவட்டப் பெண்கள் செய்த இந்த வேலையில் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணிகளின் பெயர்கள் இருக்கின்றன. புதிய பூவையும் புதிய கரையையும் கண்டுபிடித்த உள்ளூர்ப் பெண்ணின் பெயர் ஒன்றைக்கூட நம்மால் எளிதில் சொல்ல முடியவில்லை. ஜூடிக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் கைகளில் வேகத்துக்குக் குறைவில்லை. நெல்சன் மண்டேலாவின் பிறந்தநாளை ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் கேரலின் ஸ்டெய்ன் தொடங்கிய போர்வை இயக்கம் 2015இல் பிரிட்டோரியாவில் உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வையை விரித்தது. மறு ஆண்டே, 2016 ஜனவரி 31 அன்று, சுபாஸ்ரீ நடராஜன் ஃபேஸ்புக்கில் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு அதைச் சென்னையில் முறியடித்தது. அளவு 11,148.5 சதுர மீட்டர், கின்னஸ் பதிவு. பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்த பெண்கள் தனித்தனியாகப் போட்ட சதுரங்களை ஒன்றாக இணைத்தார்கள். இல்லத்தரசி என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கப்பட்டவர்கள் அளவும் நூல் கணக்கும் அஞ்சலும் இணைப்பு வேலையுமாக ஒரு பெரும் ஏற்பாட்டைத் தாங்களே நடத்தினார்கள். அந்தச் செய்தியை நாளிதழ்கள் சாதனை என்ற அளவில் போட்டன. ஏற்பாட்டுத் திறனைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஆனால் அவர்கள் பின்பற்றும் முறைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், குளிர்நாட்டு ஆட்டுக் கம்பளிக்கு எழுதப்பட்டவை. சென்னை வெயிலுக்கு அவற்றைப் பருத்தி நூலிலோ லூதியானாவின் அக்ரிலிக் நூலிலோ மாற்றிப் போட வேண்டும். பருத்தி கம்பளியைப்போல் மீளாது, அக்ரிலிக் சூடு பட்டால் உருமாறும். இந்த மாற்றக் கணக்கு நம் பெண்களுக்கு அத்துப்படி, எழுத்தில்தான் இல்லை. போதாததற்கு, பிரிட்டனில் டபுள் என்று சொல்லும் கண்ணிக்கு அமெரிக்காவில் சிங்கிள் என்று பெயர். அமெரிக்காவின் டபுளோ பிரிட்டனில் டிரெபிள். பள்ளியில் பிரிட்டன் முறையில் கற்றவர் அமெரிக்க முறையைப் படித்துப் போட்டால் துணியின் அளவே மாறிவிடும். ஜப்பானியப் புத்தகங்கள் போல் குறியீட்டு வரைபடமாகப் போட்டால் இந்தக் குழப்பம் இல்லை. எந்த மொழிக்காரரும் படிக்கலாம். அந்தக் குறியீடுகளுக்குத் தமிழில் ஒரே சீரான பெயர்ப் பட்டியலும், நம் நூல்களுக்கு நம் வெயிலில் சோதித்த அளவுக் கணக்கும் சேர்ந்தால், ஆங்கிலம் தெரியாத பெண் தனியே உட்கார்ந்து கற்கலாம், தான் கண்டதைத் தன் பெயரில் எழுதலாம்.

குமரியின் திண்டு லேஸுக்கு இது இன்னும் அவசரம். அந்த வேலையில் முறை என்பது ஊசியால் துளையிட்ட ஓர் அட்டை. திண்டின் மேல் அதை வைத்து, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் எடுக்கிறார்கள். எந்தத் துளையில் எந்தக் கட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அட்டையில் இருக்காது. அது வேலை செய்பவரின் நினைவில்தான் இருக்கும். அட்டையின் படம், நூலின் தடிமன், கட்டைகளின் எண்ணிக்கை, வேலை செய்யும் கைகளின் அசைபடம், அந்த முறையைத் தந்தவரின் பெயர் ஆகிய ஐந்தையும் ஒரு பக்கத்தில் சேர்த்தால் போதும், அந்த லேஸை வேறு எவரும் எடுக்கலாம். பதிவு செய்யக் கைபேசி போதும். முதியவர்களிடம் போய் உட்கார ஆட்கள்தான் வேண்டும், அதுவும் இப்போதே.